பின் அச்சு முனகுகிறதா? திறந்து பாருங்கள்!

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது பழமொழி. தேருக்கு அச்சாணி எப்படியோ, மோட்டார் வண்டிக்கு ‘டிபரென்ஷியல்’ அப்படி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அச்சாணி வெளியே தெரியும், டிபரென்ஷியல் தெரியாது. வண்டிக்கு அடியில், எண்ணெயும் புழுதியும் அப்பிய இரும்புக் கூட்டுக்குள் அது ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பத்தானே வேண்டியிருக்கிறது?

திருநெல்வேலிச் சீமையில் பட்டறை வாசல்களில் அடிக்கடி கேட்கக்கூடிய பேச்சு இது:

“அண்ணாச்சி, வண்டி பின்னால ‘ஊ’ன்னு ஊளையிடுது. என்னன்னு பாருங்க.”

“டிபரென்ஷியல் போச்சு தம்பி. மொத்தமா மாத்திர வேண்டியதுதான்.”

“தொறந்து பாத்துச் சொல்லுங்களேன் அண்ணாச்சி.”

“தொறக்கதுக்கு ஒரு கூலி, மூடுததுக்கு ஒரு கூலி. எதுக்கு வீண் செலவு?”

தம்பி விழிக்கிறார். ஆற்றங்கரையிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்து பிழைப்பவர் அவர். வண்டிக்குத் தவணை பாக்கி இருக்கிறது. மூன்று நாள் வண்டி நின்றால் மூன்று நாள் வரும்படி போயிற்று. கடைசியில் வீட்டுக்காரியின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. புது யூனிட் வருகிறது. பழையது காயலான் கடைக்குப் போகிறது. அதற்குள் கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு பேரிங்காக இருக்கலாம். அது யாருக்குத் தெரியும்? யாரும்தான் திறந்து பார்க்கவில்லையே!

திறந்து பார்க்காமல் மாற்றுவது, நாடி பிடித்துப் பார்க்காமலே காலை வெட்டச் சொல்வது போன்றது. வண்டி வைத்துப் பிழைக்கும் ஒவ்வொருவரும் தன் வண்டியின் பின் அச்சைச் சோதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கை வாகும் பொறுமையும் உள்ளவர் அதை வீட்டிலேயே பிரித்துப் பூட்டவும் கற்றுக்கொள்ளலாம் என்பதே என் அபிப்பிராயம். அது எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்கள் தொடர்ந்து படிக்கவும்.

மாட்டு வண்டிக்குத் தேவையில்லை

நெல்லையப்பர் கோயில் தேர் ரத வீதியின் மூலையில் திரும்பும்போது கவனித்திருக்கிறீர்களா? உள்பக்கச் சக்கரம் மெல்ல நகரும். வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வளைவில் அதிக தூரம் உருள வேண்டும். எந்த வண்டிக்கும் இதே கணக்குத்தான். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.3 மீட்டர் அகலமுள்ள ஒரு சிறு லாரி செங்கோணமாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 2 மீட்டர் அதிகமாக ஓட வேண்டும்.

மாட்டு வண்டிக்கு இது ஒரு பிரச்னையே அல்ல. அதன் இரு சக்கரங்களும் அச்சில் தனித்தனியாகச் சுற்றுகின்றன, இழுப்பது மாடு. மோட்டார் வண்டியிலோ சக்கரத்தையே யந்திரம் சுழற்றுகிறது. இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தடியில் இறுகப் பூட்டிவிட்டால், திருப்பத்தில் ஒரு சக்கரம் தேய்ந்து இழுபடும், டயர் கிழியும், இல்லாவிட்டால் தடி முறியும். இரண்டுக்கும் விசையைக் கொடுக்க வேண்டும், ஆனால் வேகம் வேறுபடவும் விட வேண்டும். இந்தச் சாமர்த்தியத்தை மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே, 1820களின் பிற்பகுதியில், பிரான்சைச் சேர்ந்த பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி நீராவி வண்டிக்காகச் செய்து காட்டிப் பதிவு செய்தார்.

கூட்டுக்குள் இருப்பவை ஏழெட்டு முக்கிய உறுப்புகள்தாம். யந்திரத்திலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் ஒரு சிறு பல்சக்கரம். அது ‘டெயில் பினியன்’. அது சுழற்றும் பெரிய வட்டப் பல்சக்கரம் ‘கிரௌன்’. பினியனில் 9 பல், கிரௌனில் 41 பல் என்று வைத்துக்கொண்டால், பினியன் சுமார் நாலரைச் சுற்று சுற்றும்போது கிரௌன் ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் குறைந்து இழுவிசை கூடுகிறது. கிரௌனோடு பூட்டிய கேஜுக்குள் ‘ஸ்டார்’ பினியன்களும், இரு ஆக்சில்களோடு சேரும் ‘சன்’ கியர்களும் இருக்கின்றன. திருப்பத்தில் வேலை செய்பவை இவைதாம். இவற்றைத் தாங்க நான்கு பேரிங்குகள். கசியாமல் காக்க ஆயில் சீல். இவ்வளவுதான் ரகசியம்!

வெள்ளம் விட்டுப்போன வியாதி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஜில்லாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. நெல்லை ஜங்ஷன் பகுதியில் வெள்ளம் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய்ப் பயணிகள் தவித்தார்கள். வெள்ளம் வடிந்ததும் வண்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்? யந்திரத்தைப் பார்த்தார்கள். பாட்டரியைப் பார்த்தார்கள். சீட்டைக் காயவைத்தார்கள். பின் அச்சைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஓடிவந்த வண்டியின் டிபரென்ஷியல் கூடு சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி விரிந்திருக்கும். அந்தக் காற்று வந்துபோவதற்காகக் கூட்டின் மேலே ‘பிரீதர்’ என்ற சிறு துவாரம் உண்டு. வண்டி வெள்ளத்தில் இறங்கியதும் கூடு சட்டென்று குளிர்கிறது. உள்காற்று சுருங்குகிறது. துவாரத்தின் வழியாகவும், தேய்ந்த சீல்களின் வழியாகவும் வெளித் தண்ணீரை அது உறிஞ்சிக் குடிக்கிறது. தண்ணீர் அடியில் தங்கும். எண்ணெய் மோர் போல வெளுக்கும். நின்ற வண்டியில் பேரிங் உருளைகள் மீது துரு பிடித்துக் குழி விழும். வண்டி ஓடும், ஆனால் அந்தக் குழிகள் நாளடைவில் பெரிதாகும். பல மாதம் கழித்து முனகல் கேட்கும்போது, யாருக்கும் வெள்ளத்தின் நினைவே வராது. “நம்ம நேரம்” என்று தலையில் கை வைப்பார்கள்.

அன்றே 2 லிட்டரோ 3 லிட்டரோ எண்ணெயை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம் அது. இனி வரும் வெள்ளங்களுக்காவது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீரில் இறங்கிய வண்டி எதுவானாலும், பின் அச்சு எண்ணெயை உடனே பார்த்துவிட வேண்டும்.

சத்தம் சொல்லும் சேதி

பின்னால் கேட்கும் சத்தமெல்லாம் டிபரென்ஷியல் சத்தம் அல்ல. முதலில் மற்ற குற்றவாளிகளை விலக்க வேண்டும்.

தார் ரோட்டில் ஒரு விதமாகவும் சிமெண்டு ரோட்டில் வேறு விதமாகவும் கேட்டால், அது டயர் சத்தம். ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஒடிக்கும்போது கூடிக் குறைந்தால், சக்கர பேரிங் மீது சந்தேகம் கொள்ளலாம். வண்டி கிளம்பும்போது ‘டக்’ என்று ஒரு அடி கேட்டால், நீண்ட தண்டின் ஜாயிண்ட் கிராஸ் தேய்ந்திருக்கலாம். அது சுலபமான ரிப்பேர்.

இவற்றை விலக்கிய பிறகு, ஆளரவமற்ற சமமான சாலையில் வண்டியை ஓட்டிக் கேளுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்கும்போது ஊளை, காலை எடுத்தால் அமைதி. அல்லது காலை எடுத்தால் ஊளை, மிதித்தால் அமைதி. இரண்டில் எதுவானாலும் கிரௌன், பினியன் பற்கள் சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடுகிற கரகரப்பு பேரிங்கைக் காட்டுகிறது. நேராக ஓடும்போது ஒன்றுமில்லை, திரும்பும்போது மட்டும் கடகடப்பு என்றால் ஸ்டார் பினியன்களோ அவற்றின் வாஷர்களோ தேய்ந்துவிட்டன. ‘டக் டக்’ என்று சக்கரச் சுற்றுக்கு ஒத்த தாளத்தில் கேட்டால், கிரௌனில் ஒரு பல் உடைந்திருக்கலாம். அப்போது மேற்கொண்டு ஓட்டக்கூடாது.

இதையெல்லாம் அறிய ஒரு காசும் செலவில்லை. காது இருந்தால் போதும்.

அடுத்தது எண்ணெய்ச் சோதனை. வண்டி ஓர் இரவு சும்மா நிற்கட்டும். காலையில் அடி நட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, உள்ளே இருந்தால் அதுதான் முதலில் வரும். எண்ணெயை வெள்ளைத் துணி ஒன்றில் ஊற்றிப் பாருங்கள். ஒரு காந்தத்தை அதற்குள் விட்டு எடுங்கள். மை போன்ற நுண்ணிய கரிய சேறு ஒட்டினால் அது இயல்பான தேய்மானம். ஊசிமுனை போன்ற துணுக்குகள் ஒட்டினால் பேரிங் உதிர்கிறது. பட்டாணி போன்ற துண்டு வந்தால் பல் போயிற்று. இப்போது பட்டறைக்குப் போங்கள்! “பேரிங் மட்டும் பாருங்கள் அண்ணாச்சி” என்று நீங்கள் சொல்லும்போது, அவர் பேசும் தோரணையே மாறிவிடும்.

திண்ணையில் ஒரு பட்டறை

பிரித்துப் பூட்டுவது வீட்டில் முடியுமா? எல்லா வண்டிக்கும் முடியாது. முன் சக்கரத்தால் ஓடும் கார்களில் டிபரென்ஷியல் கியர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தொட வேண்டாம். பழைய ஜீப்புகளில் பின் மூடியைத் திறந்தால் எல்லாம் தெரியும். ஆனால் கூட்டோடு கூடாக வைத்தே வேலை செய்ய வேண்டும். 2014 வரை தயாரான அம்பாசடர் காரிலும், அநேக லாரி, பஸ்களிலும் ஆக்சில்களை உருவிவிட்டால், டிபரென்ஷியல் பாகம் முழுவதும் முன்பக்கமாகக் கழன்று வரும். காரின் பாகமானால் அதைத் திண்ணையில் வைத்தே வேலை செய்யலாம்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. உறுதியான ஸ்டாண்டு வைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே படுக்க வேண்டும். டிபரென்ஷியல் பாகம் நல்ல கனம். இறக்க இரண்டு ஆள் வேண்டும்.

கழற்றுமுன் அடையாளம் இடுங்கள். பேரிங் மூடி இரண்டிலும் பஞ்சால் புள்ளி குத்தி வையுங்கள்: இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு இரண்டு. இவை கூட்டோடு சேர்த்துக் கடையப்பட்டவை. இடம் மாறினால் பொருந்தா. ஷிம் தகடுகளை எந்தப் பக்கம் எத்தனை என்று காகிதத்தில் எழுதித் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் பிடித்து ஒவ்வொரு பல்லையும் பாருங்கள்.

கிரௌனும் பினியனும் கணவன் மனைவி போல. ஒன்றோடொன்று உரசிப் பழக்கி, ஒரே ஜோடி எண் பொறித்து அனுப்புகிறார்கள். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். பழைய கிரௌனுக்குப் புதுப் பினியன் போட்டால் ஊளை நிற்காது. பற்கள் நன்றாக இருந்து பேரிங் மட்டும் கெட்டிருந்தால், பேரிங்கையும் சீலையும் மாற்றினால் போதும். செலவு வெகுவாகக் குறைவது இங்கேதான்.

இரண்டு மயிரிழை

திரும்பப் பூட்டும்போதுதான் பொறுமை வேண்டும். பினியன் பேரிங்குகள் சிறிது இறுக்கத்தோடு நிற்க வேண்டும். அதை அளக்க வாழைக்காய்க் கடையில் தொங்குகிற ஸ்பிரிங் தராசு போதும். பினியன் பிளாஞ்சில் நூலைச் சுற்றித் தராசால் சீராக இழுக்க வேண்டும். வண்டியின் புத்தகத்தில் 15 கிலோ-சென்டிமீட்டர் என்று போட்டிருந்து, நூல் சுற்றிய இடத்தின் ஆரம் 5 சென்டிமீட்டரானால், தராசு 3 கிலோ காட்ட வேண்டும். சில வண்டிகளில் இறுக்கத்துக்காக நசுங்கும் உருளை ஒன்று இருக்கும். அது ஒரு தடவைக்குத்தான். பழையதை மறுபடி போடக்கூடாது.

பிறகு ‘பிளே’. பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரௌனை ஆட்டினால் சிறு ஆட்டம் இருக்க வேண்டும். சிறு வண்டிகளில் அது பெரும்பாலும் 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை. அதாவது இரண்டு தலைமயிரின் கனம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை அதன் புத்தகமே சொல்லும். இதைக் கண்ணால் அளக்க முடியாது. டயல் கேஜ் அவசியம். வட்டத்தில் நான்கு இடங்களில் அளந்து பாருங்கள்.

கடைசிச் சாட்சி நீல மை. கிரௌனின் சில பற்களில் மெல்லப் பூசி, லேசாகத் தடை கொடுத்துச் சுழற்றினால், பினியன் பட்ட இடம் தெரியும். தடம் பல்லின் நடுவில், சற்று உள்முனைப் பக்கமாக விழுந்தால் உத்தமம். பல்லின் உச்சியில் விழுந்தால் பினியனை உள்ளே தள்ள வேண்டும். அடிவாரத்தில் விழுந்தால் வெளியே இழுக்க வேண்டும். உள்முனையில் ஒதுங்கினால் கிரௌனைப் பினியனிலிருந்து விலக்க வேண்டும். வெளிமுனையில் ஒதுங்கினால் நெருக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று மாறும். ஆகவே திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்று போதாது, இரண்டு தேவைப்படலாம்.

எண்ணெயிலும் ஜாக்கிரதை தேவை. 1920களில் அமெரிக்காவில் வந்த ‘ஹைபாயிட்’ முறையில், பினியன் கிரௌனின் நடுமட்டத்துக்குக் கீழே நிற்கிறது. அதனால் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கும் ஜி.எல்.-5 ரக எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். மலிவு என்று எதையோ ஊற்றினால், செய்த வேலையெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான். பூட்டிய வண்டியை முதலில் 15, 20 கிலோமீட்டர் பாரமின்றி ஓட்டி, ஆறவிட்டு, கசிவு பார்த்த பிறகே தார் ஏற்ற வேண்டும்.

ஆட்சேபங்கள்

“இது பட்டறைக்காரர் பிழைப்பைக் கெடுக்கும் யோசனை” என்று சிலர் சொல்லலாம். இல்லை. பேரிங் ஏற்ற பிரஸ் வேண்டும், கடைசல் வேண்டும், அநேகருக்கு டயல் கேஜும் இராது. எப்படியும் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். விஷயம் தெரிந்த வாடிக்கைக்காரர் வந்தால், நாணயமான மெக்கானிக்குக்குச் சந்தோஷமே. யாருக்கு நஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“அபாயமான வேலை” என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான். உடைந்த ஸ்டார் பினியனை வெல்டிங் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது டிபரென்ஷியலையே ஊமையாக்கிவிடும். மழைக்காலத் திருப்பத்தில் வண்டி நேராகப் போய்விடும். அரைகுறையாகத் தெரிவதுதான் அபாயம். முறையாகத் தெரிந்தவர் தம்மால் முடியாததைத் தொடமாட்டார்.

“இனி மின்சாரக் கார் காலம், இதெல்லாம் எதற்கு?” என்பார்கள் படித்தவர்கள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்சாரக் கார் தொழிற்சாலையே திறந்தாயிற்று. ஆனால் ஒரே மோட்டார் இரு சக்கரங்களைச் சுழற்றும் மின்சாரக் காரிலும் டிபரென்ஷியல் உண்டு. திருப்பம் இருக்கும்வரை இதுவும் இருக்கும்.

சர்க்கார் பஸ் காட்டும் வழி

நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களைப் பாருங்கள். ஒரு பஸ்ஸின் டிபரென்ஷியல் முனகினால், அதைக் கழற்றித் தங்கள் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே பிரித்து, கெட்ட உறுப்பை மட்டும் மாற்றி, அளந்து பூட்டி, வேறொரு பஸ்ஸுக்குக் கொடுக்கிறார்கள். 1974இல் கட்டபொம்மன் பெயரில் தொடங்கி, இன்று அரசுப் போக்குவரத்துக் கழகமாக வண்ணாரப்பேட்டையிலிருந்து நிர்வாகம் நடத்தும் நம்மூர் பஸ்களும் இந்த மரபில் வந்தவைதாம். நூற்றுக்கணக்கான பஸ் வைத்திருப்பவரே தூக்கி எறிவதில்லை. ஒரு வண்டி வைத்திருப்பவர் எறியலாமா?

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு எந்தக் காலேஜில் மோட்டார் வித்தை படித்தார்? ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டித்தான் கற்றார். 1920இல் ஒற்றைப் பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார். பிரித்துப் பார்க்கும் கைதான் அவருக்கு மூலதனம்.

அந்தக் கை நம் சீமை இளைஞர்களுக்கும் உண்டு. அளக்கும் கருவியும் சொல்லிக்கொடுக்கும் ஆளும்தான் இல்லை. பேட்டை அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்காக ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு வைக்கலாகாதா? பத்து வாரம் போதும். ஒரு பழைய அச்சு, ஒரு டயல் கேஜ், கொஞ்சம் நீல மை. வண்டிக் கம்பெனிகளும் அளவுகளைத் தமிழில் ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டு, வண்டியோடு கொடுக்க வேண்டும். விற்கும்போது தமிழில் விளம்பரம் செய்பவர்களுக்கு, விற்ற பிறகு தமிழ் மறந்துவிடக்கூடாது. வண்டி உரிமையாளர் சங்கங்கள் ஆளுக்குச் சிறு தொகை போட்டு, டயல் கேஜ் ஒன்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். பந்திப் பாயும் அண்டாவும் பொதுவில் வாங்கி வைக்கிற ஊர்கள்தானே நம்முடையவை?

ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைக்கிறோம். நல்ல வழக்கம், விட வேண்டாம். அதற்கு முந்தின நாள் அடி நட்டைத் தளர்த்தி, வெள்ளைத் துணியில் நாலு சொட்டு எண்ணெயும் விட்டுப் பாருங்கள். வீட்டுக்காரியின் சங்கிலி கழுத்திலேயே இருக்கும்.